இடது பக்கக் குழாய் மட்டும் சுடவில்லை

விடிந்தும் விடியாத நேரம். முத்தையாபுரத்தில் சண்முகவேல் அண்ணாச்சி வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கான ஓட்டம் இல்லை. படியேறுகிறவன் நடுநடுவே ஒரு படியைத் தவறவிடுகிற மாதிரி, விழுந்தும் விழாமலும் ஒரு சத்தம்.

பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர். விரலை நனைத்து வலது பக்கப் புகைக்குழாயில் ஒரு சொட்டு வைத்தேன். சுர்ரென்று பொரிந்து காணாமல் போயிற்று. இடது பக்கக் குழாயில் ஒரு சொட்டு வைத்தேன். அது அங்கேயே உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, மெதுவாக வழிந்து தரையில் விழுந்தது.

அண்ணாச்சி எதிரே நின்று அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியாலே? நான் சொன்னப்ப நீ நம்பல” என்றார்.

வாஸ்தவம்தான். நான் நம்பவில்லை.

மத்தியானத்தில் வராத கோளாறு

பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதிய வாரத்தில், கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஒரு மெக்கானிக்கை ரொம்பவும் சோதிக்கிற கோளாறு எது? இதற்கு யோசிக்கவே வேண்டாம். வந்துவிட்டுப் போகிற கோளாறுதான். அடியோடு நின்றுபோன வண்டி நல்ல வண்டி. அது உண்மையைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் நின்றுபோய், ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிற வண்டி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

அண்ணாச்சியின் வண்டி அந்த ஜாதி. இரட்டை சிலிண்டர், இரட்டை சைலன்சர். இப்போது தெருவில் ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசிக்கு ஒரே சிலிண்டர். அது எரியாவிட்டால் வண்டி நிற்கும், சங்கதி முடிந்தது. இரண்டு இருக்கிற வண்டியில் ஒன்று எரியாவிட்டாலும் மற்றது இழுத்துக்கொண்டு போய்விடும். முக்கிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் போகும். ஆனாலும் போகும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் மிஸ்ஸிங்.

அண்ணாச்சி சொன்னது இதுதான். காலையில் எடுக்கும்போது மிஸ்ஸிங். மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பாதி வழியில் தானாகச் சரியாகிவிடுகிறது. அவர் வண்டியைத் துறைமுகச் சாலையில் இருக்கிற என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவது மத்தியானம். நான் ஓர் உதை உதைப்பேன். மணியாக ஓடும். முறுக்கினால் துள்ளும். “என்ன அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான இருக்கு” என்பேன். அவர் முகம் சுருங்கிவிடும்.

அண்ணாச்சி விவரம் தெரியாதவர் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக்கொண்டு வருகிற இழுவைப் படகுகளில் வாழ்நாளெல்லாம் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தட்டில், இரண்டு டீசல் என்ஜின்களுக்கு நடுவில், எண்ணெய்ப் புழுக்கத்தில் நின்றவர். என்னிடம் வரும் முன்பே பிளக்கைச் சுத்தம் செய்துவிட்டார், பாயின்ட்டைத் தேய்த்துவிட்டார். நான் என் பங்குக்குக் கன்டென்சரை மாற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். மறுநாள் காலையில் திரும்பவும் மிஸ்ஸிங். மத்தியானம் திரும்பவும் மணியான ஓட்டம்.

கடைசியில் ஒருநாள் சொன்னார்: “தம்பி, வண்டிய ஒங்கிட்ட கொண்டாந்து பிரயோசனம் இல்ல. நீ வண்டிகிட்ட வா.”

உப்பு

இந்த ஊரில் இரும்புக்கும் காற்றுக்கும் ஓயாத சண்டை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மதுரையில் ஓடின வண்டியை இங்கே கொண்டுவந்து ஒரு மழைக்காலம் நிறுத்தினால் போதும். ஸ்போக் கம்பிகள் பூத்துவிடும். ஹெல்மெட்டின் கொக்கிகூடத் துருப்பிடித்து நாடியில் கறையாக ஒட்டும்.

முத்தையாபுரம் பக்கம் இன்னும் மோசம். சாலைக்கு இந்தப் பக்கமும் உப்பளம், அந்தப் பக்கமும் உப்பளம். விடியற்காலையில் அங்கே நிறுத்தியிருக்கிற எந்த வண்டியின் சீட்டையும் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். வெயில் ஏறினால் ஈரம் போய்விடும், வெள்ளையாக ஒரு பொடி மட்டும் நிற்கும். நானே ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் சீட்டைத் துடைத்துவிட்டு, தெரியாமல் அதே கையால் டீயில் சர்க்கரை போட்டுக் குடித்திருக்கிறேன். டீயா அது, கடல்தண்ணீர்.

அண்ணாச்சி “நீ வா” என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காலையில் இருந்துவிட்டு மத்தியானத்துக்குள் போய்விடுகிற பொருள் இந்த ஊரில் ஒன்றுதான். பனி. உப்புக் கலந்த பனி.

பேச்சுக்காக ஓடின வண்டி

அந்த வண்டிக்கும் அவர் வீட்டுக்கும் இருந்த உறவைச் சொன்னால்தான் அப்புறம் நடந்தது விளங்கும்.

அண்ணாச்சியின் மனைவி சிவகாமி மதினிக்கு ஆதிச்சநல்லூருக்கு அந்தண்டை ஆற்றங்கரைக் கிராமம். வயல்காட்டுக் குடும்பம். கல்யாணமான புதிதில் மாதம் ஒருமுறையாவது அண்ணாச்சி இந்த வண்டியில்தான் மதினியை ஊருக்குக் கூட்டிப்போவார். வழியெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டே ஓட்டுவாராம். கயிறு அறுந்து படகை மோதப்பார்த்த கப்பல், தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு ரஷ்யக் கேப்டன், இப்படி முடிவில்லாத கதைகள். மதினி பதிலுக்கு ஊர்க் கதை சொல்வார். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டைத் தாண்டும்போது மண்ணுக்கடியில் இருக்கிற முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் பேச்சு வரும். “பானைக்குள்ள மடிச்சு வைக்கிற அளவுக்கு மனுசன் அம்புட்டுச் சின்னவனா?” என்று அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கேட்பாராம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி கேட்பாராம்.

இதெல்லாம் மதினி பிற்பாடு எனக்குச் சொன்னது. வீட்டில் மாமியார், கொழுந்தன்மார் என்று ஆள் நிறைய. புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேச இடம் கிடையாது. “நாங்க பேசுனதெல்லாம் அந்த வண்டியிலதான் தம்பி” என்றார்.

ஆனால் எனக்கு அவர்கள் பழக்கமான காலத்தில் அந்தப் பேச்சு இல்லை. ஒரே மகள் கோமதி கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில், வேறு சாதிப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். மதினி மகள் பக்கம் நின்றார். அண்ணாச்சி சத்தம் போட்டார், கல்யாணத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதற்குக் கொஞ்ச காலத்தில் ஓய்வும் பெற்றார். அதற்கப்புறம் வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது.

நான் அவர்கள் வீட்டுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அண்ணாச்சி என்னோடு நன்றாகப் பேசுவார். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதாவது சொல்வார். அவருக்கு மெல்லிசான குரல். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மதினி உள்ளே போய்விடுவார். கோமதி போனில் கூப்பிட்டால் அண்ணாச்சி போனை அப்படியே மதினி கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். மகள்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு விஷயம், நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

டேங்குக்கு அடியில்

மறுபடி அந்த விடியற்காலைக்கு வருகிறேன்.

இடது பக்கம் எரியவில்லை என்று தண்ணீர்ச் சொட்டு சொல்லிவிட்டது. இனி ஏன் எரியவில்லை என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி இடது பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்து ஈரமாக வந்தது. ஆக, பெட்ரோல் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை. இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போட்டேன். பிளக் கெட்டிருந்தால் கோளாறு வலது பக்கம் தாவ வேண்டும். தாவவில்லை. பிளக்கின் தலையில் மாட்டுகிற கேப்பை மாற்றினேன். அப்போதும் இடது பக்கமே.

இரட்டை சிலிண்டரில் இது ஒரு சௌகரியம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சாமான். சந்தேகப்படுகிற பொருளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டே வந்தால் குற்றவாளி தப்ப முடியாது. ஒரே ஒரு நிபந்தனை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு இரண்டை மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

திரும்ப உதைத்து ஓடவிட்டேன். பெட்ரோல் டேங்கின் அடியில் காதைக் கொண்டுபோனேன். கேட்டது. என்ஜின் சத்தத்துக்கு மேலே, தனியாக, சன்னமாக: டிக், டிக், டிக்.

இரண்டு கையையும் குவித்து வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தேன். கரண்ட் தருகிற காயிலிலிருந்து இடது பிளக்குக்குப் போகிற தடித்த வயரில், சேஸிஸில் உரசுகிற இடத்தில், நூல் மாதிரி ஒரு நீலப் பொறி. வயரின் மேல்தோல் வெடித்திருந்தது. உப்புப் பனி அந்த வெடிப்பில் இறங்க, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் சேஸிஸுக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெயிலும் என்ஜின் சூடும் ஈரத்தைக் காயவைத்துவிட்டால் ஒழுங்காகத் தன் வழியில் போகும். அதனால்தான் மத்தியானம் மணியான ஓட்டம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அண்ணாச்சி, டேங்குக்கு அடியில டிக்கு டிக்குனு அடிக்கி பாருங்க. கேக்குதா?” என்றேன்.

அவர் குனிந்தார். டேங்கில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். 

“எங்கலே? ஒண்ணும் இல்லியே” என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். என்ஜின் வயிற்றுக்குள் ஒரு வால்வு சொல்பம் தட்டினாலே படகை நிறுத்தச் சொல்கிற மனுஷன் என்று துறைமுகத்தில் அவருக்குப் பெயர். இந்தச் சத்தம் எனக்கு அங்கிருந்து எழுந்து நின்றாலும் கேட்டது.

அப்போது மதினி வேலைக்குக் கிளம்பிச் சாப்பாட்டுப் பையோடு வாசலுக்கு வந்தார். மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை. விடிந்ததும் வாசலில் நிற்க வேண்டும்.

“அந்த காஸ் லைட்டர் சத்தம்தான தம்பி?” என்றார். “அது ரொம்ப நாளா வருது. எங்கனயாவது நின்னா பின்சீட்டுல எனக்கே கேக்கும். இவியகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். ஒரு பதிலும் இல்ல. பெறகு நான் சொல்லுறத விட்டுட்டேன்.”

அண்ணாச்சி மதினியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை.

 அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயரின் வெடிப்பைத் துடைத்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். உதைத்ததும் இடது குழாயும் புகை விட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து பாடியது. புது வயர் கடையில் இருக்கிறது, மதினியை விட்டுவிட்டு வாருங்கள், மாற்றிவிடலாம் என்றேன். டேப் தாங்குகிறதா என்று பார்க்க நானும் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே கிளம்பினேன்.

குடோன் வாசல்

உப்பளத்துச் சாலையில் அந்த நேரத்துக்கு லாரிகள் தூங்கி எழுந்திருக்கும். நிலக்கரித் தூசியும் பனியும் கலந்து, எதிரே வருவது சாம்பல் நிறத்தில்தான் தெரியும். அண்ணாச்சி நிதானமாகத்தான் போனார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரை நிறுத்திக் குழாயைத் தொட்டுப் பார்க்க நினைத்து ஹாரன் அடித்தேன். என் ஸ்கூட்டருக்குக் கீச்சென்று ஒரு ஹாரன். மதினி திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி திரும்பவில்லை. இன்னும் இரண்டு தரம் அடித்தேன். அவர் தோளில்கூட ஒரு அசைவு இல்லை.

அதற்குள் ஒரு குடோன் வந்தது. இடது பக்கம் நீளமான மதில். மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் பின்னோக்கிச் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பின்விளக்குகள் தூசி மூடிக் கிடந்தன. ஆனால் பின்னோக்கி வருகிறேன் என்று எச்சரிக்கிற அந்த பீப், பீப், பீப் சத்தம் எனக்குத் தூரத்திலேயே கேட்டுவிட்டது. நான் வேகத்தைக் குறைத்தேன். அண்ணாச்சி குறைக்கவில்லை. அதே நிதானத்தில், அதே நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

மதினி இரண்டு கையாலும் அவர் முதுகில் அறைந்தார். அந்த அறை எனக்குக் கண்ணில் தெரிந்தது. வண்டி வழுக்கி, பின்சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி, எப்படியோ விழாமல் நின்றது. டிரெய்லரின் இரும்பு அண்ணாச்சி கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தான்.  பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: “இவ்வளவு சத்தம் அடிக்குதே, காது என்ன செவிடா ஒமக்கு?”

ஒருநாளைக்கு நூறு பேர் இந்தச் சாலையில் சொல்கிற வார்த்தை அது. யாரும் அதை வார்த்தையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு அது வார்த்தையாகவே விழுந்தது. நான் மதினியைப் பார்த்தேன். மதினி அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தரம் கேட்டது

மதினி வண்டியிலிருந்து இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?”

“என்ன?” என்றார் அண்ணாச்சி.

மதினி திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை உரக்க. அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின்மேல் வைத்தார். “கேக்கல” என்றார்.

“எப்பருந்து?”

“தெரியல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. ஆம்பளையாளுக பேசுனா கேக்கும். என்ஜின் கேக்கும். ஒன் சத்தம்தான் மொதல்ல போச்சு.”

நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, அவருடைய வண்டியின் இடது பக்கம் குனிந்து, சரியாகவே இருந்த டேப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வேறு எங்கே போக?

ஏன் சொல்லவில்லை என்று மதினி கேட்டார். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “நீ என்னமோ சொல்லுவ. நான் என்னன்னு கேப்பேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிருவ. தெனமும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எம்மேல வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன். பெறகு நான் கேக்குறதயும் விட்டுட்டேன்.”

“கோமதி கல்யாணத்துக் கோவத்துல நீங்கதான் பேசாம இருக்கீங்கன்னு நான் நெனச்சேன்.”

“அத எப்பவோ விட்டாச்சே” என்றார் அண்ணாச்சி. “நல்ல பையன்லா அவன். போனுல அவ பேசுனா ஒரு பொட்டுச் சத்தம்கூட வெளங்காது. அதான் ஒங்கிட்ட குடுக்கேன்.”

மதினி சாலையோரப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். சட்டென்று எதையோ நினைத்து நிமிர்ந்தார்.

“அப்ப, கோமதி முழுகாம இருக்கான்னு போன மாசம் வண்டியில வரும்போது சொன்னேனே. அதுவும் கேக்கலையா?”

அண்ணாச்சி காதைச் சாய்த்தார். புரியாத முகம்.

மதினி எழுந்து நின்று, சாலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “கோமதி முழுகாம இருக்கா. நீங்க தாத்தா ஆவப்போறீங்க.”

எங்களைத் திட்ட வந்த டிரைவர் இன்னும் அங்கேதான் நின்றான். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டியில் ஏறிக்கொண்டான். அண்ணாச்சி வண்டியை ஸ்டாண்டில் போட்டார். பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டே வந்து மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒரு மாசமாவா?” என்று மட்டும் கேட்டார். அந்தச் செய்திக்கும் அவர் வாய் திறக்காத நாளிலிருந்துதான் மதினி அவரோடு பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஒரு மாதம் தினமும் காலையில் இருவரும் ஒரே வண்டியில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர், வாயைத் திறக்காமல் போயிருக்கிறார்கள்.

மதினி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அப்புறம்

வயரை மாற்றினேன். பழையதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்புக்கம்பி பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது. புது வயரின்மேல் ரப்பர்க் குழாயைச் செருகி, உரசுகிற இடத்தில் ஒரு கிளிப் போட்டுத் தள்ளிவைத்தேன். அதற்கப்புறம் மிஸ்ஸிங் வரவில்லை.

காதைச் சரிசெய்ய அப்படி வழியில்லை. பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். என்ஜின் ரூமில் நின்ற காலமெல்லாம் சேர்ந்து கூர்மையான சத்தங்களைத் தின்றுவிட்டது, தடித்த சத்தம் மட்டும்தான் மிச்சம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினி குரல், மகள் குரல், ஹாரன், டேங்குக்கு அடியிலிருந்த டிக் சத்தம், எல்லாம் போன கணக்கில் சேர்த்தி. காதில் மாட்டுகிற மெஷின் எழுதிக் கொடுத்தார்.

மெஷினோடு முதல் தடவை என் கடைக்கு வந்தபோது அண்ணாச்சி சிடுசிடுவென்று இருந்தார். குக்கர் விசில் மண்டையைத் துளைக்கிறதாம். பிளாஸ்டிக் பையை யாராவது கசக்கினால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறதாம். “முத்தையாபுரத்துல கொசு ஒழிஞ்சுபோச்சுன்னுல்லா நெனச்சிருந்தேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

வண்டி ஓட்டும்போது அந்த மெஷினில் காற்று இரைகிறது என்பதால் கழற்றிவிடுவார். அதனால் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடிகளாகப் போட்டுக் கொடுத்தேன். பின்னால் லாரி வந்தால் மதினி தோளில் தட்டுவார். அதற்கு அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. வலது தோள் என்றால் வழிவிடு, இடது தோள் என்றால் நிறுத்து. எனக்கு இன்னும் பயம்தான். அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். பஸ்ஸில் போகலாமே என்றேன். மதினிதான் வேண்டாம் என்றார்.

கோமதி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், நேரம் அமையவில்லை. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனேன். படகுகள் வந்து இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு கூடையைச் சுற்றிச் சத்தம் பலமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் அண்ணாச்சியும் மதினியும்.

அண்ணாச்சி கையில் ஒரு பால்சுறாவை வாலைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்தார். மகளுக்குப் புட்டு செய்துகொடு என்கிறார். சுறா பால் சுரக்கிறதுக்கு, பிள்ளை பெற்றவளுக்குத்தான், பெறப்போகிறவளுக்கு இல்லை, இதுகூடத் தெரியாதா என்கிறார் மதினி. எங்க அம்மா கொடுத்தாள் என்கிறார் இவர். உங்க அம்மா எனக்குத் தலைகீழாகத்தான் எல்லாம் செய்தாள் என்கிறார் அவர். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்தார். மதினி இப்போது உரக்கப் பேசப் பழகிவிட்டார், பக்கத்துப் படகுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்றேன். கூடைக்காரம்மா யாருக்கு எடைபோடுவது என்று தெரியாமல் தராசைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். என்னைத் தெரிந்தவள். மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

“புருசனும் பொஞ்சாதியும் எப்பவும் இப்படித்தான் சண்டையா அண்ணாச்சி?”

“இல்லம்மா” என்றேன். “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க.”